விலகியவரைச் சிறை வைத்த அச்சம்

போப்பாண்டவர் இறுதி மூச்சுவரை பதவியில் நீடிக்க வேண்டுமா, இயலாதபோது விலகலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ஐந்தாம் செலஸ்டினையே நான் நினைத்துக்கொள்கிறேன். விலகும் உரிமை குறித்து எனக்கு ஐயமில்லை. விலகியவரின் நிலை என்ன என்பதுதான் அவரது வாழ்க்கை எழுப்பும் கேள்வி.

இயற்பெயர் பியெத்ரோ. இத்தாலியில் எளிய குடும்பத்தில் பிறந்து, மொரோனே மலையில் தனித்திருந்து தவம் செய்தவர். சீடர்கள் பெருகி, அவர் பெயரால் ஒரு துறவற சபையே உருவாயிற்று. 1292 ஏப்ரலில் நான்காம் நிக்கோலஸ் மறைந்தார். அடுத்தவர் யார் என்பதில் கர்தினால்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக முடிவுக்கு வரவில்லை. அந்தத் தாமதத்தைக் கண்டித்துத் துறவி ஒரு கடிதம் எழுதினார் என்பர். 1294 ஜூலை 5 அன்று கர்தினால்கள் அவரையே தேர்ந்தெடுத்துவிட்டனர்! அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது.

கழுதைமீது அமர்ந்து லாக்குயிலா நகருக்குள் வந்தவர், ஆகஸ்ட் 29 அன்று முடிசூடினார். ரோமில் அவர் ஆட்சி செய்யவே இல்லை. நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸ் அவரைத் தம் தலைநகரிலேயே இருத்திக்கொண்டார். புதிதாக நியமிக்கப்பட்ட 12 கர்தினால்களில் மன்னரின் விருப்பம் அப்பட்டமாகத் தெரிந்தது. நிர்வாகம் குழம்பியது. குகையின் அமைதிக்குப் பழகியவர், அரண்மனைக்குள்ளேயே ஒரு சிற்றறை அமைத்து அதற்குள் ஒடுங்கினார். திருச்சபைச் சட்டம் அறிந்தவர்களைக் கலந்தபின், டிசம்பர் 13 அன்று தாமே பதவி துறந்தார். அப்போது அவருக்கு ஆலோசனை கூறியவர்களுள் ஒருவரான கர்தினால் பெனெதெத்தோ கயெத்தானி, 11 நாள்களில் எட்டாம் போனிபாஸ் ஆனார்.

செலஸ்டின் விரும்பியது தம் மலையை மட்டுமே. ஆனால், விலகியவரை முன்னிறுத்தி எதிரிகள் திருச்சபையைப் பிளந்துவிடுவார்களோ என்று போனிபாஸ் அஞ்சினார். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். அதற்காக அவர் செய்ததை ஏற்கவும் மாட்டேன். தப்பியோடிய முதியவர் பிடிபட்டு, ஃபுமோனே கோட்டையில் அடைக்கப்பட்டு, 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார். அவர் கொல்லப்பட்டார் என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது, அது நிறுவப்படவில்லை. போப்பாண்டவர் விலகலாம் என்பதைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1298-இல் சேர்த்தவரும் இதே போனிபாஸ்தான்.

1313-இல் செலஸ்டின் புனிதரானார். தாந்தே தம் நரகத்தில் பெயர் சுட்டாமல் நிறுத்திய கோழை அவரே என்று உரையாசிரியர் பலர் கருதுகின்றனர். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. தம்மால் இயலாது என்று உணர்ந்தபின் பதவியைப் பற்றிக்கொண்டிருப்பதற்கு அதைவிடக் குறைந்த துணிவு போதும்.

நிலநடுக்கத்தில் சிதைந்த லாக்குயிலாவுக்கு 2009-இல் சென்ற பதினாறாம் பெனடிக்ட், செலஸ்டின் உடல்மீது தம் தோள்பட்டையை வைத்து வணங்கினார். 2013-இல் அவரும் விலகினார். அவருக்குச் சிறை வாய்க்கவில்லை; வத்திக்கானுக்குள்ளேயே ஒரு மடத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் வெண்ணிற அங்கியைக் களையவில்லை. போப்பாண்டவர் பிரான்சிஸை ஏற்காதவர்களில் சிலர், பெனடிக்டே உண்மையான போப்பாண்டவர் என்று வாதிட்டனர். விலகல் சுதந்திரமாக எடுக்கப்பட்டு, முறைப்படி தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. விலகியவரின் அங்கி, பட்டம், உறைவிடம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்தவர் விலகுவதற்கு முன்பே அதை எழுதிவிட வேண்டும்.