கேட்டறியாத எண்

அண்மையில் என் மேசைக்கு ஒரு குருதியமுக்கமானி வந்து சேர்ந்தது. அதன் எண்களைக் குறிக்குந்தோறும் என் நினைவிற்கு வருபவர், அமெரிக்க சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற்.

1882 இல் செல்வக் குடியிற் பிறந்தவர். 1921 இல் இளம்பிள்ளைவாதமெனக் கொள்ளப்பட்ட நோயாற் கால்வலி இழந்தவர். அவ்வூனத்தோடும் 1933 இல் ஆட்சிப்பீடமேறி, நான்கு முறை தேர்தலில் வென்றவர். இவை மாணாக்கரும் அறிந்தவை. யான் சொல்லப் புகுவது அவர்தம் குருதியின் கதை.

இதயம் சுருங்கிக் குருதியை உந்துங்கால் நாளச் சுவரில் எழுவது மேலமுக்கம். அது தளருங்கால் எஞ்சுவது கீழமுக்கம். வீட்டில் ஓய்வாக அளந்தும் 135க்கு 85 என்னும் அளவை அடிக்கடி எட்டினால் வைத்தியரை நாடுதல் வேண்டும். றூஸ்வெல்ற்றுக்கோ 1941 இலேயே 188க்கு 105. அவருடைய வைத்தியர் மக்கின்ரயர் காது, மூக்கு, தொண்டை நோய்களில் வல்லவர். சனாதிபதி நலமே என்று நாட்டுக்கு அறிவித்து வந்தார். 1944 மார்ச்சில் இதய வைத்தியர் புரூன் சோதித்தபோது 186க்கு 108. இதயமும் பெருத்துத் தளர்ந்திருந்தது. உப்பையும் சிகரெற்றையும் குறைப்பித்து, ஓய்வு விதித்தார். அமுக்கத்தைத் தணிக்கும் நன்மருந்து அக்காலத்தில் இல்லை. நோயாளிக்கு உண்மையைக் கூறலாகாதென்று புரூன் பணிக்கப்பட்டிருந்தார். வியப்பு யாதெனின், நோயாளியும் கேட்கவில்லை! போர்க்களத்து எண்களையெல்லாம் கேட்டறிந்த மனிதர், தம் உடம்பின் எண்ணைக் கேட்டாரல்லர்.

அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. பின்தலை வலியை வெண்கட்டித் தூசின்மேலும் விடைத்தாள்களின்மேலும் சுமத்தி, யானும் பல்லாண்டு கேளாதிருந்தேன். கருவி வந்த அன்றும், படியேறிய மூச்சோடு, சட்டைக் கையின்மேலேயே பட்டியைச் சுற்றி அளந்து, கண்ட எண்ணாற் கலங்கினேன். வைத்தியர் திருத்தினார்: தேநீர் அருந்தி அரைமணி கழியவேண்டும், சிறுநீர் கழித்து, முதுகு சாய்ந்து, பாதம் நிலத்திற்பட ஐந்து நிமிடம் வாளாவிருத்தல் வேண்டும், வெறும் மேற்கையிற் பட்டியைச் சுற்றி, கையை மேசைமீது இதய மட்டத்தில் வைத்து, பேசாது, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளத்தல் வேண்டும். எண்ணைக் கண்டு மருந்தை நாமே மாற்றலாகாது. 180க்கு 120 ஐத் தாண்டி, கடுந்தலைவலியோ நெஞ்சுநோவோ நாக்குழறலோ உடனிருப்பின் அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

1945 பெப்ரவரியில் யால்ற்றா மாநாட்டுக்குச் சென்று மெலிந்து மீண்டார் றூஸ்வெல்ற். ஏப்ரல் 12 ஆம் நாள், ஜோர்ஜியாவிலுள்ள வாம் ஸ்பிறிங்ஸில் ஓவியத்துக்காக அமர்ந்திருந்தவர், பின்தலை வலிக்கிறதென்று கூறி நினைவிழந்தார். புரூன் அளந்தபோது மேலமுக்கம் 300 ஐக் கடந்திருந்தது, கீழமுக்கம் 190. மூளையிற் குருதி பெருகி, பிற்பகல் 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. அகவை 63. அந்த எண்களைப் புரூன் 1970 இலேதான் விரிவாக எழுதி வெளியிட்டார்.