யார் இந்த கே.டி. ஜாதவ்? மண் கோதாவிலிருந்து ஒலிம்பிக் மேடை வரை போன ஒரு பயில்வானின் கதை

சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தது யார்? ஆபீஸ் க்விஸ்ஸில் இந்தக் கேள்வி வந்தால் நம்மில் பலர் யோசிக்காமல் லியாண்டர் பயஸ் என்று சொல்லிவிடுவோம். 1996 அட்லாண்டா, டென்னிஸ், வெண்கலம். ஆனால் பதில் தப்பு. அதற்கு 44 வருடங்களுக்கு முன்பே, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், மல்யுத்தத்தில் ஒருவர் வெண்கலம் வாங்கிவிட்டார். காஷாபா தாதாசாகேப் ஜாதவ், சுருக்கமாக கே.டி. ஜாதவ்.

மென்டல் டஃப்னஸ் என்ற வார்த்தை இப்போது எங்கே பார்த்தாலும் அடிபடுகிறது. ஜிம் ரீல்ஸில் வருகிறது, அப்ரைசல் மீட்டிங்கில் வருகிறது, வீக்எண்டில் ஜியு-ஜிட்சு கிளாஸுக்குப் போகிற உங்கள் டீம்மேட் வாயிலும் வருகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வது, விடியற்காலை எழுந்திருப்பது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று அதற்கு ஆளுக்கொரு விளக்கம். ஜாதவின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்த வார்த்தைக்கு வேறு சில அர்த்தங்களும் கிடைக்கின்றன. அவர் போட்ட சண்டைகளில் பாதிதான் கோதாவுக்குள்ளே நடந்தது. மீதிப் பாதி, மனு எழுதுவதிலும் வீடு வீடாகப் போய் உண்டியல் குலுக்குவதிலும் கழிந்தது.

குஸ்தி வீட்டுப் பையன்

மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில், கராட் ஊருக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்று ஒரு கிராமம். 1926 ஜனவரி 15 அன்று அங்கே பிறந்தார் ஜாதவ். ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப் ஊரறிந்த பயில்வான். பையனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். எட்டு வயதிலேயே உள்ளூர் சாம்பியன் ஒருவரை இரண்டு நிமிடத்தில் சாய்த்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆள் குள்ளம். உடம்பைப் பார்த்தால் பயில்வான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அதனால் பலத்தை மட்டும் நம்பி அவர் இறங்கவில்லை. கால் வேகத்தையும் பிடியின் நுணுக்கத்தையும் வளர்த்துக்கொண்டார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பிடிக்கு 'தாக்' என்று பெயர். எதிராளியின் தலையைக் கைக்குள் இறுக்கி, உடம்பைத் திருப்பி, அப்படியே தூக்கி எறிவது. நேரம் அரை நொடி பிசகினாலும் நீங்கள்தான் கீழே கிடப்பீர்கள். திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற்றினால்தான் வருகிற வித்தை அது.

பதினாறு வயதில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தது. தலைமறைவாக இருந்த போராளிகளுக்கு இடம் கொடுப்பது, கடிதங்களைக் கைமாற்றுவது என்று அதிலும் கொஞ்சம் இறங்கிப் பார்த்தார். பிறகு படிப்புக்காக கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி.

கோலாப்பூர் சாதாரண ஊர் இல்லை. தெருவுக்குத் தெரு தாலீம் எனப்படும் பயிற்சிக்கூடம் இருந்த ஊர். ஷாஹு மகாராஜா காலத்தில் கட்டப்பட்ட காஸ்பாக் மைதானத்தில் குஸ்தி பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும். அங்கே ஒரு பயில்வானின் நாள் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து, மண்ணைக் கொத்திப் புரட்டி, தண்டால், பஸ்கி, ஜோடி போட்டுக் குஸ்தி, சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து. இதில் மோட்டிவேஷனுக்கு வேலையே இல்லை. இன்றைக்கு மூடு இருக்கிறதா என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். நீங்கள் போகவில்லை என்றால் உங்கள் ஜோடிக்காரனுக்கும் அன்றைய பயிற்சி போச்சு. அதனால் போய்த்தான் ஆகவேண்டும்.

லண்டனில் என்ன ஆச்சு?

1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போகும்போது ஜாதவுக்கு 22 வயது. செலவை கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். எடை குறைந்த ஃப்ளைவெயிட் பிரிவு. அங்கே போன பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. நம்ம ஊர் குஸ்தி மண்ணில் நடக்கும், அங்கே மெத்தை விரிப்பில் நடந்தது. மண்ணில் கால் ஊன்றுகிற விதம் வேறு, மெத்தையில் வேறு. இங்கே எதிராளியின் முதுகை மண்ணில் சேர்த்தால் கதை முடிந்தது. அங்கே ஆட்டத்துக்கு நேரக் கணக்கு உண்டு. நேரம் முடிந்தும் யாரும் விழவில்லை என்றால் நடுவர்கள் முடிவு சொல்வார்கள்.

அதாவது, பல வருடமாகக் கற்ற தொழிலை வேறொரு சட்டப் புத்தகத்தின்படி செய்து காட்ட வேண்டும். அமெரிக்கரான ரீஸ் கார்ட்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்திரேலியாக்காரரையும் அமெரிக்கரையும் ஜாதவ் வென்றார், ஈரான் வீரரிடம் தோற்றார். கடைசியில் ஆறாவது இடம்.

முதல் தடவை மெத்தையில் ஏறியவருக்கு உலக அளவில் ஆறாவது இடம் என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம்தான். ஊரில் அதை வைத்தே பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். ஜாதவ் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து அடுத்த நாலு வருடம் மெத்தை ஆட்டத்தின் விதிகளுக்கு ஏற்ப உடம்பைப் பழக்கினார். ஒரு எடைப்பிரிவு மேலே ஏறி, 57 கிலோ பேன்டம்வெயிட்டுக்குப் போனார். எடை கூடினால் எதிராளிகளின் பலமும் கூடும். அது தெரிந்தே எடுத்த முடிவு.

மெட்ராஸில் போன ஒரு புள்ளி

இனி வருவது நம்ம ஊர் சம்பந்தப்பட்ட இடம். 1952 ஒலிம்பிக்குக்கு முன்னால் மெட்ராஸில் தேசியப் போட்டி நடந்தது. கல்கத்தாவின் நிரஞ்சன் தாஸிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார் ஜாதவ். ஒலிம்பிக் கதவு மூடிக்கொண்டது. நடுவர்கள் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

யோசித்துப் பாருங்க. உங்களுக்கு வரவேண்டிய புரமோஷன் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டது, காரணமும் நேர்மையானதாகப் படவில்லை. என்ன செய்வீர்கள்? பொருமித் தீர்ப்பது ஒரு வழி. விதி என்று விட்டுவிடுவது இன்னொரு வழி. ஜாதவ் விளையாட்டில் ஆர்வமுள்ள பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். தீர்ப்பை மாற்றுங்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஆளுடன் மறுபடி ஒரு தடவை மோத விடுங்கள், அவ்வளவுதான் அவர் கேட்டது. வாய்ப்பு கிடைத்தது. இந்த முறை நடுவர்கள் புள்ளி எண்ணவே அவசியம் வரவில்லை. சில நொடிகளிலேயே நிரஞ்சன் தாஸ் கீழே கிடந்தார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சம்பவத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் என்னுடைய சிபாரிசு இதுதான். அநியாயம் நடந்தது என்று நம்புகிறவர் பல வாரம் அந்தக் கோபத்தைச் சுமக்க வேண்டும், பயிற்சியையும் விடக்கூடாது, பெரிய மனிதர்களிடம் பேசும்போது நிதானமும் தவறக்கூடாது. அப்புறம் கோதாவில் இறங்கும்போது அந்தக் கோபம் பிடியைக் கெடுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பஸ்கி எடுப்பது இதைவிடச் சுலபம்.

அடமானத்துக்குப் போன வீடு

தேர்வு ஆயாச்சு, பணம்? அரசாங்கம் வீரர்களின் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிற காலம் இல்லை அது. ஜாதவும் குடும்பத்தாரும் கிராமம் கிராமமாகப் போய் வசூல் செய்தார்கள். கடைக்காரர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். அப்போது பம்பாய் மாகாண முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் உதவி கேட்டபோது, போட்டி முடிந்த பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு அரசிடமிருந்து 4,000 ரூபாய் வந்தது.

பெரிய தொகை வந்தது வேறொருவரிடமிருந்து. ராஜாராம் கல்லூரி பிரின்சிபல் கர்டேகர் தன் வீட்டை 7,000 ரூபாய்க்கு அடமானம் வைத்து, அந்தப் பணத்தை மாணவனிடம் கொடுத்தார். 1952இல் 7,000 ரூபாய் என்றால் சும்மா இல்லை. ஜெயித்து வருவான் என்று எந்த கேரண்டியும் கிடையாது. தன்னம்பிக்கை புத்தகங்களில் வருகிற தனி மனிதப் போராட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பிரின்சிபல் எங்கேயோ வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

ஜூலை 23

ஹெல்சின்கியில் அப்போதைய போட்டி முறை கொஞ்சம் விசித்திரமானது. ஒரு தடவை தோற்றால் வெளியே என்று கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெனால்டி புள்ளி உண்டு. எதிராளியின் முதுகைச் சேர்த்து ஜெயித்தால் பூஜ்யம், மற்றபடி ஜெயித்தாலும் கொஞ்சம் ஏறும், தோற்றால் நிறைய ஏறும். குறிப்பிட்ட அளவைத் தொட்டவர் வெளியேற, மிஞ்சுகிறவர்கள் பதக்கத்துக்கு மோதுவார்கள்.

கனடாவின் போலிக்கை வென்றார் ஜாதவ். மெக்சிகோவின் பசுர்ட்டோவை வென்றார். ஜெர்மனியின் ஷ்மிட்ஸையும் தாண்டி, கடைசி மூவரில் ஒருவராக வந்து நின்றார். மற்ற இருவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி, சோவியத் யூனியனின் ரஷீத் மம்மத்பெயோவ். இஷியின் கதையும் சுவாரசியமானது. அடிப்படையில் அவர் ஜூடோக்காரர். போருக்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படை ஜூடோவுக்குத் தடை போட்டதால் மல்யுத்தத்துக்கு வந்தவர். மண்ணிலிருந்து மெத்தைக்கு வந்தவரும் ஜூடோவிலிருந்து வந்தவரும் 15 நிமிடம் நீண்ட ஆட்டத்தில் மோதினார்கள். கடைசியில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் இஷி ஜெயித்தார்.

அடுத்து நடந்ததைத்தான் இந்தியாவில் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு ஏறு என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட ஒரு இந்திய அதிகாரிகூட அங்கே இல்லை. களைத்த உடம்போடு ஏறினார், மம்மத்பெயோவிடம் தோற்றார். இஷிக்குத் தங்கம், மம்மத்பெயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். அன்று தேதி 1952 ஜூலை 23.

அரை மணி நேரம் கிடைத்திருந்தால் வெள்ளியாவது வந்திருக்குமா? தெரியாது, எதிரில் நின்றவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஜாதவிடம் மன உறுதி குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது விதிப் புத்தகத்தைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு மேனேஜர். டீமில் ஆள் போடாமல், இருக்கிற ஒருவரிடமே ரெசிலியன்ஸ் எதிர்பார்க்கும் கம்பெனியில் நீங்கள் வேலை பார்த்திருந்தால் இந்தக் காட்சி பழகியதாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். அதே ஹெல்சின்கியில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. கேப்டன் பெயர் கே.டி. சிங். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு கே.டி. நாடு கொண்டாடியது பெரும்பாலும் ஹாக்கி கே.டி.யைத்தான்.

கடன் எப்படி அடைந்தது?

ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. கராட் ரயில் நிலையத்துக்கு 151 மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் போகிற தூரத்தை அந்த ஊர்வலம் கடக்க ஏழு மணி நேரம் ஆனதாம்.

மேளச் சத்தம் அடங்கியதும் ஜாதவ் முதலில் செய்த காரியம் குஸ்திப் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்தது. தானே இறங்கினார், ஜெயித்தார், வந்த பணத்தை பிரின்சிபலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடமானத்திலிருந்த வீடு மீண்டது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், மறுபடி மண்ணில் புரண்டு கடன் அடைத்தார்.

1955இல் பம்பாய் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். 1956 மெல்போர்னுக்குப் போகும் ஆசையை முழங்கால் காயம் முடித்துவைத்தது. வேலையில் பல வருடம் அதே பதவியிலேயே கிடந்தார். உதவி போலீஸ் கமிஷனராக ஓய்வு பெற்றபோது மொத்த சர்வீஸ் 27 வருடம் தாண்டியிருந்தது. ஓய்வுக்குப் பிறகு பென்ஷனுக்காகவும் அலைய வேண்டியிருந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஜோதி ஓட்டத்தில் கலந்துகொள்ள அழைத்தார்கள். 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார். வயது 58.

மல்யுத்தத்தில் இந்தியாவின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2008இல்தான் வந்தது, 56 வருடம் கழித்து. பத்ம விருது ஜாதவுக்கு வாழ்நாளில் வரவே இல்லை. அர்ஜுனா விருது, இறந்து பதினைந்து வருடங்களுக்கும் மேல் கழித்து வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் தயாரான மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2023 ஜனவரி 15 அன்று கூகுள் டூடுலிலும் வந்தார். உங்களில் சிலர் அந்தப் படத்தை க்ளிக் செய்திருக்கக்கூடும்.

கோலேஷ்வரில் அவர் வீட்டுக்கு 'ஒலிம்பிக் நிவாஸ்' என்று பெயர். அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு மல்யுத்த அகாடமி கட்டித் தருவதாக மாநில அரசு வாக்குக் கொடுத்திருந்தது. வருடக்கணக்கில் வேலை நகரவில்லை. 2017இல் ஜாதவின் குடும்பத்தினர் ஒரு அறிவிப்பு வெளியிட்டார்கள். ஹெல்சின்கி வெண்கலத்தை ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் அகாடமியைத் தாங்களே கட்டிக்கொள்வதாக.