யுவான் சுவாங்கும் அவர் குதிரைகளும்

காஞ்சிபுரத்தில் படிக்கும் நமக்கு யுவான் சுவாங் என்னும் பெயர் புதியதன்று. பல்லவர் வரலாறு வரும்போதெல்லாம் அவரும் கூடவே வந்துவிடுவார். ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் காஞ்சி வந்தார் என்றும், இங்கே 100 பௌத்தப் பள்ளிகளும் 10,000 துறவியரும் இருந்ததாக எழுதினார் என்றும் இரண்டு வரி எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அவ்வளவு தொலைவு எப்படி வந்தார், எதன்மேல் ஏறி வந்தார், இரவில் எங்கே படுத்தார், எதைச் சமைத்து உண்டார் என்று நாம் கேட்பதே இல்லை. குதிரைகளோடு மலை கடந்த அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

அவர் 602ஆம் ஆண்டில் சீன நாட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே துறவு மடம் புகுந்தார். கையிலிருந்த சீன மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மூல நூல்களைப் பாரதத்திற்கே சென்று கற்பது என்று உறுதி கொண்டார். எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அரச ஆணை. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 629இல், தலைநகர் சாங்-ஆனிலிருந்து மறைவாகப் புறப்பட்டார்.

எல்லைப்புற ஊரான குவாசோவில் அவர் குதிரை இறந்துபோயிற்று. வேறு இளங்குதிரை ஒன்றை வாங்கி, வழிகாட்டி ஒருவனையும் அமர்த்திக்கொண்டார். அப்போது ஒரு முதியவர் தம்முடைய மெலிந்த, கிழட்டுச் செங்குதிரையுடன் வந்தார். பாலைவனத்திற்கு அப்பாலுள்ள ஹாமி ஊருக்கு அது 15 முறை போய் வந்திருக்கிறது, வழி அறியாத இளங்குதிரை உதவாது என்றார் அவர். யுவான் சுவாங் குதிரையை மாற்றிக்கொண்டார். சந்தையில் யார்தான் இப்படிப்பட்ட மாற்றுக்கு உடன்படுவார்கள்?

வழிகாட்டி பாதியிலேயே அஞ்சித் திரும்பிவிட்டான். காவல் கோபுரங்களிலிருந்து அம்புகள் பாய்ந்தன. பாலையின் நடுவில் தண்ணீர்ப் பை கை தவறி விழுந்து, இருந்த நீரெல்லாம் மணலில் போயிற்று. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீரின்றிக் கிடந்தார்கள் மனிதரும் குதிரையும். ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று வீசியது. தள்ளாடி எழுந்து நடந்தபோது குதிரை திடீரென வேறு திசையில் திரும்பியது. எவ்வளவு இழுத்தும் அடங்கவில்லை. சிறிது தூரத்தில் பசும்புல்லும் ஒரு குட்டையும் இருந்தன! கிழட்டுக் குதிரை அவரைப் பிழைக்க வைத்தது.

அதன்பின் டுர்பான் பகுதியிலுள்ள காவோசாங் நாட்டை அடைந்தார். அந்நாட்டு மன்னர் அவரைக் குருவாகவே தம்மிடம் நிறுத்திக்கொள்ள விரும்பினார். வேண்டினார், பிறகு மிரட்டினார். யுவான் சுவாங் மூன்று நாள் உண்ணாமல் இருந்தார். மன்னர் மனம் கலங்கி வழிவிட்டார். திரும்பும்போது மூன்றாண்டு இங்கே தங்க வேண்டும் என்று மட்டும் வாக்குப் பெற்றார். ஒரு மாதம் அங்கிருந்து போதித்தார் துறவி. அதற்குள் பயண ஏற்பாடுகள் நடந்தன.

அந்த ஏற்பாடுகளைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. 30 குதிரைகள், 25 பணியாட்கள், உடன் செல்ல நான்கு இளந்துறவியர். பனிக்காற்றுக்காக முகமூடி, கையுறை, காலுறை, தோற்காலணி. 100 லியாங் பொன், 30,000 வெள்ளிக்காசுகள், 500 சுருள் பட்டு. இருபது ஆண்டுச் செலவுக்கு இது போதும் என்று கணக்கிட்டார்கள். மத்திய ஆசிய வழியில் அக்காலத்தில் பட்டும் பணம்தான். ஒரு சேலைக்காக எத்தனை நாள் தறியில் உட்கார வேண்டும் என்பதை அறிந்த நம் ஊராருக்கு 500 சுருள் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கும் மேலாக, வழியிலுள்ள 24 நாடுகளுக்கு 24 கடிதங்கள். ஒவ்வொன்றுடனும் ஒரு பட்டுச் சுருள். மேற்கேயுள்ள துருக்கியப் பேரரசர் மாற்றுக் குதிரைகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் மன்னர் எழுதினார். எமக்கென்னவோ, முப்பது குதிரைகளைவிட அந்தக் கடிதங்களே பெரிய துணை என்று தோன்றுகிறது. குதிரை களைத்துப்போகும், கடிதம் அடுத்த குதிரையைக் கொண்டுவரும்.

குச்சா நகரை அடைந்தபோது மலைவழி பனியால் அடைபட்டிருந்தது. அவசரப்படாமல் ஏறத்தாழ அறுபது நாள் காத்திருந்தார்கள். பிறகு தியான்சான் மலையின் பனிக் கணவாயில் ஏறினார்கள். அதைக் கடக்க ஏழு நாள் ஆயிற்று. படுக்க உலர்ந்த இடம் ஓரடி கூட இல்லை. பானையைத் தொங்கவிட்டுச் சமைத்தார்கள். பனிக்கட்டிமேல் பாய் விரித்துப் படுத்தார்கள். கடந்து முடித்தபோது பத்துப் பேருக்கு மூன்று நான்கு பேர் பசியாலும் குளிராலும் இறந்திருந்தனர். மாடுகளும் குதிரைகளும் இன்னும் அதிகமாக மடிந்தன. எல்லாம் முன்கூட்டித் திட்டமிட்டு, காத்திருந்து, கையுறை வரை எடுத்துச் சென்றும் இந்த முடிவு. இறந்த அந்தப் பணியாட்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை என்பது எமக்கு வருத்தம் தருகிறது.

மலைக்கு அப்பால் துருக்கியப் பேரரசர் பொன்பூ வேலை செய்த பெருங்கூடாரத்தில் அவரை வரவேற்றார். அங்கிருந்து சமர்கந்து, பால்க், இந்துகுஷ் மலை, காஷ்மீரம் என்று வழி நீண்டது. நாளந்தாவில் சீலபத்திரரிடம் பல ஆண்டுகள் பயின்றார். அந்தச் சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் நம் காஞ்சியில் பிறந்தவர். தம் குருவின் குரு பிறந்த ஊரைக் காணவே அவர் வந்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் இலங்கைக்குச் செல்லவே தெற்கு நோக்கி வந்தார். இலங்கையில் மன்னர் இறந்து, பஞ்சமும் கலகமும் மூண்டதால் அங்கிருந்து ஓடிவந்த துறவியரைக் காஞ்சியில் சந்தித்தார். கடற்பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினார்.

தாயகம் திரும்பும்போது ஹர்ஷ மன்னர் ஒரு யானையைக் கொடுத்தார். சிந்து நதியில் படகு ஆட்டம் கண்டு, 50 சுவடிகளும் சேகரித்த பூவிதைகளும் ஆற்றோடு போயின. இந்துகுஷ் மலையை இம்முறை ஏறியபோது உடனிருந்தவை ஒரு யானை, பத்துக் கோவேறு கழுதைகள், நான்கு குதிரைகள். பனிமேல் ஏறிச் செல்ல முடியாமல் கோலூன்றி நடந்தார்கள். பாமிர் மலைகளுக்கு அப்பால் கள்வர் வந்தபோது யானை மிரண்டு ஓடி நீரில் மூழ்கி இறந்தது.

அந்தக் காவோசாங் மன்னருக்குத் தந்த வாக்குறுதிக்காகவே தரைவழியைத் தேர்ந்தார் துறவி. ஆனால் அந்த மன்னர் 640லேயே இறந்துவிட்டார். அவர் நாட்டையும் சீனப் படைகள் கைப்பற்றிவிட்டன. மூன்றாண்டு தங்குவதற்கு அங்கே யாரும் இல்லை. கோத்தான் நகரிலிருந்தே சீனப் பேரரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார். அனுமதியின்றிச் சென்றதைச் சொல்லி, யானை இறந்ததால் நூல்களைச் சுமக்க வாகனம் இல்லை என்றும் எழுதினார். ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பேரரசர் மன்னித்ததோடு, சுமை வாகனங்களுக்கும் ஆணையிட்டிருந்தார்.

645இல் சாங்-ஆன் நகருக்குள் 657 நூல்களை 20 குதிரைகள் சுமந்து வந்தன. தெருவெல்லாம் மக்கள் கூட்டம். அடுத்த ஆண்டே பயண நூலை முடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்காம் நாளந்தா முதலிய இடங்களைத் தேடியபோது கையில் வைத்திருந்தது அந்த நூலைத்தான்.

மீதி நாட்கள் மொழிபெயர்ப்பில் கழிந்தன. பனிமலையில் பற்றிய குளிர் நோய் அவரை விடவில்லை. அடிக்கடி நெஞ்சை அடைத்து வாட்டிற்று. 656இல் அது மிகக் கடுமையாகிப் பேரரசர் தம் வைத்தியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. எழுந்ததும் மறுபடி சுவடியை எடுத்தார். 664இல் அவர் காலமானபோது 75 நூல்கள், 1,335 பகுதிகள், சீன மொழிக்கு வந்திருந்தன.