கைவினை போற்றிய வைத்தியர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட்

நூதனசாலைகளின் வரலாற்றைப் புரட்டினால் வைத்தியர்கள் அடிக்கடி எதிர்ப்படுவார்கள். லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கு வித்திட்டது, 1753 இல் மறைந்த சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியரின் சேகரிப்பு. சென்னை நூதனசாலை 1851 இல் தொடங்கியபோது அதன் முதற் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பல்பூர் ஒரு படை வைத்தியர். அதற்கு முந்திய ஆண்டில் சென்னைக் கலைப் பாடசாலையை ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹன்டரும் வைத்தியரே. மூலிகை, வேர், பிசின் என்று மருந்துச் சரக்குகளைத் தேடிப் பழகிய கண் பானையையும் புடவையையும் விட்டுவைப்பதில்லைப் போலும்.

இந்த வரிசையில் லண்டன்வாழ் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட். இந்தியக் கிராமத்துக் குயவன், நெசவாளி, தட்டான், கன்னான் ஆகியோரின் கைத்திறனை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். அதே மனிதர் தமது 77 ஆவது வயதில், இந்தியாவில் உயர்கலை என்று ஒன்றும் இல்லை எனச் சபையறியச் சொல்லி லண்டன் கலையுலகைக் கொதிக்க வைத்தார். அன்று எழுந்த வழக்கு எமது கோயில்களில் நாம் வணங்கும் மூர்த்தங்களையும் தொட்ட வழக்கு.

பேர்ட்வுட் பிறந்தது இந்தியாவிலேதான். பம்பாய் மாகாணத்தின் பெல்காமில் 1832 டிசம்பர் 8 ஆம் திகதி, படைத்தளபதி ஒருவரின் மகனாகப் பிறந்தார். படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, பிளிமத் நகரில் பாடசாலைக் கல்வியையும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியத்தையும் கற்றார். 1854 இல் பட்டம் பெற்று, அதே ஆண்டு பம்பாய் வைத்திய சேவையில் சேர்ந்தார். பாரசீகப் போரில் சிறிது காலம் பணியாற்றிய பின் பம்பாய் கிரான்ட் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார். உடற்கூற்றில் தொடங்கியவர் பின்னர் மருந்துப் பொருட்களையும் தாவரவியலையும் கற்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர், ஆசியக் கழகக் கிளையின் செயலாளர் என்று வேறு பொறுப்புகளும் அவர் தோளில் ஏறின. எதையும் மறுக்கத் தெரியாத மனிதர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

மருந்துச் சரக்குகளை ஆராய்ந்த அந்த நாட்களில்தான் கைவினைப் பொருட்களிலும் அவர் மனம் சென்றது. பம்பாயில் அரசாங்கம் சேர்த்து வைத்திருந்த பொருட்காட்சித் தொகுதி கோட்டைக்குள் இருந்த படைக் கட்டடமொன்றில் இடம்பெற்றிருந்தது. 1857 இல் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்ததும் கட்டடம் படையினருக்குத் தேவைப்பட, பொருட்கள் வெளியே எறியப்பட்டுச் சிதறிப் போயின. பேர்ட்வுட் சோர்ந்து விடவில்லை. நகரின் பெரிய மனிதர்களை அணுகி, நிரந்தரக் கட்டடம் ஒன்றுக்காக நிதி சேர்க்கும் முயற்சியில் இறங்கினார். அதில் அவருக்குத் துணை நின்றவர்கள் வணிகர் ஜகன்னாத் சங்கர்சேட்டும் வைத்தியர் பாவு தாஜியும். 1862 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1872 இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலை, சுற்றியுள்ள பூங்காவோடு இன்றும் பம்பாய் பைகுல்லாவில் உள்ளது. விக்டோரியா, அல்பேர்ட் பெயர்களைத் தாங்கியிருந்த அதற்கு 1975 இல் பாவு தாஜியின் பெயர் சூட்டப்பட்டது. எங்கள் ஊர்களில் கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்துடன் வீடுவீடாக அலைந்தவர்களுக்கு, ஒரு கட்டடம் எழும்பப் பத்தாண்டுகள் பிடித்ததில் வியப்பு இராது.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. குங்கிலியக் கலய நாயனாரின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். குங்கிலிய இன மரங்களைப் பற்றி, அதாவது கிறிஸ்தவ தேவாலயங்களில் புகைக்கும் குந்துருக்கம் தரும் மரங்களைப் பற்றி, பேர்ட்வுட் எழுதிய ஆய்வு 1870 இல் லண்டன் லினேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதில் மூன்று புதிய வகைகளுக்குப் பெயரிட்டார். ஒன்றுக்குப் படை வைத்தியர் கார்ட்டரின் பெயர், மற்றொன்றுக்கு ஆளுநர் பிரியரின் பெயர், மூன்றாவதற்குத் தம் பம்பாய் நண்பர் பாவு தாஜியின் பெயர். வெள்ளையர் ஆட்சியில் ஆளுநரையும் இந்திய வைத்தியரையும் அருகருகே வைத்தது சாதாரண காரியமல்ல.

உடல்நலம் குன்றியதால் 1868 இல் அவர் இந்தியாவை விட்டு வந்தார். மீண்டும் அங்கு பணிக்குப் போகவில்லை. ஆனால் இந்தியா அவரை விடவில்லை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பனி 1801 இல் தொடங்கிய இந்திய நூதனசாலை ஒன்று இருந்தது. லெடன்ஹோல் வீதி, வைட்ஹோல், பின்னர் சவுத் கென்சிங்டன் என்று இடம் மாறி மாறி அலைந்த தொகுதி அது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து 1799 இல் எடுத்து வரப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி, அமராவதிச் சிற்பங்கள், இந்தியாவின் எல்லாத் திசையிலிருந்தும் வந்த புடவைகள், பாத்திரங்கள், நகைகள் எல்லாம் அதில் இருந்தன. 1870 களில் பேர்ட்வுட் இத்தொகுதியோடு சேர்ந்து பணியாற்றினார். 1879 இல் இந்திய நூதனசாலை கலைக்கப்பட்டுப் பொருட்கள் பங்கிடப்பட்டன. கைவினைப் பொருட்களில் பெரும்பகுதி இன்றைய விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலைக்கும், அமராவதிச் சிற்பங்கள் பிரித்தானிய நூதனசாலைக்கும், தாவரப் பொருட்கள் கியூ தோட்டத்துக்கும் போயின. இந்திய அலுவலகத்தில் அவர் 1902 வரை பணியாற்றினார். அங்கு தூசி படிந்து கிடந்த கம்பனியின் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து அறிக்கை எழுதியதும் அவரே.

1878 இல் பரிஸ் நகரில் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. வேல்ஸ் இளவரசர் 1875-76 இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது கிடைத்த பரிசுப் பொருட்கள் அங்கு வைக்கப்பட்டன. அந்தப் பகுதிக்கான கையேட்டை எழுதியவர் பேர்ட்வுட். அதை விரித்து 1880 இல் சவுத் கென்சிங்டன் நூதனசாலையின் கலைக் கையேடுகள் வரிசையில் வெளியிட்டார். இந்தியாவின் கைத்தொழிற் கலைகள் என்று பொருள்படும் தலைப்புடைய அந்த நூலே அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. பொன், வெள்ளி, பித்தளை, ஆயுதம், நகை, மட்பாண்டம், துணி, கம்பளம் எனப் பிரித்து, எந்த ஊரில் எது சிறப்பு, எப்படிச் செய்கிறார்கள் என்று நுணுக்கமாக எழுதியுள்ளார். அதற்கு முன் கிழக்கு நாட்டுப் பொருளை வேடிக்கைப் பொருளாகவே பார்த்துப் பழகிய ஆங்கிலேயருக்கு, அதன் பின்னே ஒரு ஊரும் குலமும் தலைமுறை தலைமுறையாக வந்த பயிற்சியும் இருப்பதை அவர் காட்டினார்.

அவருடைய கவலை ஒன்றுதான். மான்செஸ்டர் ஆலைத் துணியும் இயந்திரமும் புகுந்தால் கிராமத்துக் கைவினைஞன் வயிற்றுப்பாட்டுக்காகக் கூலியாகிவிடுவான் என்று அஞ்சினார். சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு மலிவாகக் கம்பளம் நெய்வித்து விற்றதால் தரமே கெட்டுப்போயிற்று என்று சாடினார். வில்லியம் மொரிஸ் போன்ற இந்நாட்டுக் கலைஞர்கள் அவருடன் ஒத்த கருத்தினராய் இருந்தார்கள். ஆனால் ஒரு குறை. அவர் வர்ணித்த கிராமம் காலம் தொடாத கிராமம். கடன், பஞ்சம், சாதிக் கொடுமை எதுவும் அங்கு இல்லை. கைவினைஞனின் வாழ்வு கெட்டதற்கு யாருடைய ஆட்சி காரணமோ, அதே ஆட்சியின் அலுவலகத்தில் அமர்ந்துதான் அவர் அவனுக்காகக் கண்ணீர் விட்டார். 1881 இல் சேர் பட்டமும் 1887 இல் இந்தியப் பேரரசின் உயர் விருதும் அந்த ஆட்சியே அளித்தது.

அந்த நூலின் முதற் பகுதி கைவினை பற்றியதே அல்ல. இந்துத் தெய்வங்கள், புராணங்கள் பற்றியது. தெய்வங்களை அறியாமல் இந்தியக் கைவினையை அறிய முடியாது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். அப்படி எழுதியவர், அதே நூலில், பல கைகளும் தலைகளும் கொண்ட புராணத் தெய்வ வடிவங்கள் உயர்ந்த கலைக்கு ஒவ்வாதவை என்றும், சிற்பமும் ஓவியமும் உயர்கலையாக இந்தியாவில் வளராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் எழுதி வைத்தார். குத்துவிளக்கை வியந்தவருக்கு, அது யார் சந்நிதியில் எரிகிறதோ அந்த மூர்த்தத்தின் அழகு தெரியவில்லை. கிரேக்கச் சிற்பத்தை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த தலைமுறை அது. அவர் ஒருவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. ஆயினும் அமராவதிச் சிற்பங்கள் அவர் வாழ்ந்த இதே நகரில்தான் இருந்தன.

முப்பது ஆண்டுகள் எவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1910 ஜனவரி 13 ஆம் திகதி, லண்டன் ரோயல் கலைச் சங்கத்தில் ஈ. பி. ஹாவெல் உரையாற்றினார். 1884 முதல் சென்னைக் கலைப் பாடசாலையின் தலைவராகவும் பின்னர் கல்கத்தாவிலும் பணியாற்றியவர் இவர். இந்தியச் சிற்பமும் ஓவியமும் உலகின் எந்தக் கலைக்கும் தாழ்ந்தவை அல்ல என்று 1908 இல் நூல் எழுதியவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பேர்ட்வுட். உரை முடிந்ததும் தலைவர் எழுந்து, இத்தனை ஆண்டு அனுபவத்தில் இந்தியாவில் உயர்கலை எதையும் தாம் கண்டதில்லை என்றார். அருகிலிருந்த, ஜாவாவிலிருந்து வந்த தியான புத்தரின் புகைப்படத்தைக் காட்டி, கொழுப்பும் மாவும் சேர்த்து அவித்த ஆங்கிலக் களி ஒன்றுக்கு அதை ஒப்பிட்டார். ஆன்ம அமைதிக்கு அந்தக் களியும் அதே அளவு அடையாளமாகும் என்பது அவர் கேலி.

அந்தக் கேலி அவர் தலையிலேயே விழுந்தது. பெப்ரவரி 28 ஆம் திகதி ரைம்ஸ் பத்திரிகையில், ஓவியர் வில்லியம் ரொதென்ஸ்டைன் முதலான பதின்மூன்று கலைஞர்களும் விமர்சகர்களும் கையொப்பமிட்ட கடிதம் வெளிவந்தது. புத்தரின் திருவுருவம் உலகின் மாபெரும் கலைப் படைப்புகளுள் ஒன்று என அவர்கள் அறிவித்தனர். அதே ஆண்டில் லண்டனில் இந்தியச் சங்கம் நிறுவப்பட்டது. தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் முதன்முதல் 1912 இல் வெளிவந்தது இச்சங்கத்தின் மூலமே.

இச்சங்கத்தின் ஸ்தாபகர்களுள் எம்மவர் ஒருவரும் இருந்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877 இல் சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, இந்நாட்டிலேயே வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மண்ணியல் படித்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்குத் தாய்மாமன் மகன். 1909 இல் இந்தியக் கைவினைஞன் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், கிராமத்துக் கைவினைஞனின் வாழ்வைப் பற்றி பேர்ட்வுட் எழுதியவற்றை நிறையவே எடுத்தாண்டார். கைவினைஞனைப் பற்றி முதியவரிடம் கற்றுக்கொண்டார். தெய்வ வடிவத்தைப் பற்றி அவரோடு முரண்பட்டார். 1912 இல் அவர் எழுதிய சிவ தாண்டவம் பற்றிய கட்டுரை, நான்கு கரங்களும் தூக்கிய திருவடியும் ஏன் அப்படி உள்ளன என்பதை மேல்நாட்டாருக்கு விளக்கியது. பல கைகள் கலைக்கு ஒவ்வாதவை என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் அதற்கு முன் ஆங்கிலத்தில் வரவில்லை என்பது என் எண்ணம். பிரெஞ்சுச் சிற்பி ரொடின், சென்னை நூதனசாலையிலுள்ள நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து உருகி எழுதியது அதற்கடுத்த ஆண்டு.

பேர்ட்வுட் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுதுவதை மட்டும் விடவில்லை. அவருடைய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று 1915 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. கனகதுர்க்கை அம்மன் ஆலயத்தால் இன்று நமக்கெல்லாம் பழகிப்போன ஈலிங் பகுதியில்தான் அவரது கடைசிக் காலம் கழிந்தது. 1917 ஜூன் 28 ஆம் திகதி அங்கே அவர் காலமானார். அதே 1917 இல் ஆனந்த குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்ரன் நூதனசாலையில் இந்தியப் பிரிவின் பொறுப்பாளராகி, தாம் சேர்த்த ஓவியங்களும் அங்கே போய்ச் சேர, இந்த நாட்டை விட்டுப் புறப்பட்டார்.