சிறைக்குள் ஆலயம் எழுப்பிய மேய்ப்பர்
புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வு

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. அடிக்கல் நாட்டிய நாளையும், மணி ஏற்றிய நாளையும், நம்மை வழிநடத்திய பங்குக் குரவர்களையும் இம்மலரில் அன்போடு நினைவுகூருகின்றோம். ஆனால் ஆலயமும் இல்லை, குருவும் இல்லை, மணியோசையும் இல்லை என்ற காலம் ஒன்று இலங்கைத் திருச்சபைக்கு இருந்தது. அக்காலத்தில் தேடுவாரற்றுக் கிடந்த மந்தையைத் தேடிச் சென்ற ஒரு மேய்ப்பரை நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம். துன்பம் தீரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. துன்பத்தின் நடுவிலேயே தம் வேலையைத் தொடங்கினார். அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிக்கும் நம்பிக்கை இதுவே.

யோசேவாஸ் அடிகளார் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். கொங்கணப் பிராமண மரபில் வந்த பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. இலத்தீன், தத்துவம், இறையியல் ஆகியவற்றை முறையாகக் கற்று 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டில் தேவ அன்னையின் அடிமையாகத் தம்மை எழுத்துமூலம் ஒப்புக்கொடுத்தார். இலங்கைக்குச் செல்லும் ஆவல் இளமையிலேயே அவர் உள்ளத்தில் மூண்டது. ஆயினும் 1681-இல் கன்னட நாட்டுக் கரையோரப் பணிக்கு அவரை மேலிடத்தார் அனுப்பினர். கீழ்ப்படிந்து சென்று மூன்றாண்டுகள் உழைத்தார். பின்னர் கோவா திரும்பி, 1685-இல் இந்தியக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த திருச்சிலுவை ஒரட்டோரியன் சபையில் சேர்ந்து, அதன் தலைவரானார்.

அந்நாளில் இலங்கையில் நிகழ்ந்ததைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1656-இல் கொழும்பும், 1658-இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கர் பழைய ஆட்சியாளர் பக்கம் சாய்வர் என்னும் அச்சம் ஒல்லாந்தருக்கு இருந்தது. அதனால் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு இடங்கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதித்தனர். ஆலயங்கள் அவர்களுடைய சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. வாணிபமும் அரசியலும் சமயத்தோடு பின்னிக்கிடந்த காலம் அது. அந்தப் பழைய பகைமை இன்று மறைந்து, பிரிந்த சகோதரரோடு ஒன்றாக அமர்ந்து செபிக்கும் நாளை நாம் கண்டிருக்கின்றோம். அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

இப்படியாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. திருப்பலியையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்தது. எனினும் விசுவாசம் அணைந்து போகவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தனர். செபமாலைகள் வீடுகளுக்குள் மறைந்திருந்தன.

ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியரான யோசேவாஸ் அடிகளாருக்கு அத்தடை இல்லை. 1686-இல் தலைமைப் பதவியைத் துறந்து, யோவான் என்னும் பணியாளுடன் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடி வந்து, குருவின் உடையைக் களைந்து, கூலியாளின் கோலத்தில் கப்பலேறி, 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அங்கியும் கல்வியும் குலப்பெருமையும் பின்னே நின்றுவிட்டன.

வந்த இடத்தில் முதலில் அவரை வரவேற்றது நோய். கடும் வயிற்றுளைச்சல் கண்டு கைவிடப்பட்ட நிலையில் கிடந்தார். அவர் யாரென்று அறியாமலே கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவள் ஓர் ஏழைப் பெண் என்று வரலாறு கூறுகின்றது. குணமடைந்ததும் பெரியதொரு செபமாலையைக் கழுத்தில் அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு யார் கண்ணில் அன்பு தோன்றுகின்றதோ, அவர் வீடு கத்தோலிக்கர் வீடு என்று அறிந்துகொள்வதே அவர் கையாண்ட வழி. மக்களோ முதலில் அஞ்சினர். இவர் ஒல்லாந்தரின் ஒற்றனாக இருக்கலாம் என்று ஐயுற்றனர். பொறுமையாலேயே அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றார்.

பின்னர் விசுவாசத்தில் உறுதியான சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளுக்குச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், விடியுமுன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஆனால் 1689-இல் நத்தார் இரவில் கூடியிருந்த மக்கள் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் பலர் பிடிபட்டனர். டோம் பேதுரு என்பவர் அடி தாங்காமல் உயிர்விட்டார். வேறு சிலர் கோட்டை வேலைக்கு அடிமைகள்போல் அனுப்பப்பட்டனர். ஒரு மேய்ப்பரின் உள்ளத்துக்கு இதனினும் பெரிய வேதனை வேறு உண்டோ? தம் பொருட்டு மந்தை அடிபடுவதைக் கண்டும் அவர் தீவை விட்டுப் போகவில்லை. 1690-இல் புத்தளம் சென்று பணியைத் தொடர்ந்தார்.

1692-இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அது ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத சுதந்திர நாடு. ஆயினும் இவர் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று ஒருவர் அரசனிடம் கோள்மூட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் கட்டளைப்படி அடிகளாரும் உடன் வந்த இருவரும் சிறைப்பட்டனர்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். இத்தனை பாடுபட்டு வந்து சேர்ந்த இடம் சிறைக்கூடம். நம்மில் பலர் அத்துடன் மனமொடிந்திருப்போம். அவரோ சிறையிலிருந்தே சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். காவல் தளர்ந்தபோது ஒரு குடிசையமைத்து, அதில் பீடமெழுப்பி, அவ்வாண்டு நத்தாரன்று திருப்பலி நிறைவேற்றினார். கண்டியில் சிதறிக்கிடந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அக்குடிசையைத் தேடி வந்தனர். குடிசை பின்னர் தேவ அன்னையின் ஆலயமாயிற்று. கதவு திறக்கும்வரை காத்திராமல், பூட்டிய கதவுக்குள்ளேயே ஆலயம் கட்டினார் அம்மேய்ப்பர்.

காலப்போக்கில் மன்னன் அவருடைய தூய வாழ்வைக் கண்டு மனம் மாறினான். 1696-இல் கடும் வறட்சி உண்டானபோது மன்னனின் வேண்டுகோளின்படி அடிகளார் பீடமமைத்துச் செபிக்க, மழை பொழிந்தது என்று மரபு கூறும். ஆனால் அந்த மழையைக் காட்டிலும் அடுத்து நிகழ்ந்ததே நம் உள்ளத்தைத் தொடுகின்றது. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அப்போது கோவாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த தம் மருமகன் யோசேப் கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து, அந்நோயாளரைத் தேடி எடுத்து, குடிசைகள் அமைத்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர் கேட்கவில்லை. தாம் நோயில் கிடந்தபோது தம்மையும் ஒருத்தி யாரென்று கேட்கவில்லை என்பதை அவர் மறந்திருப்பாரா?

இதன்பின் அவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. கால்நடையாக, பெரும்பாலும் வெறுங்காலுடன், தீவின் பல பகுதிகளுக்கும் சென்றார். 1705-இல் மேலும் குருக்கள் வந்து சேர, பணித்தளத்தை எட்டுப் பிரிவுகளாக வகுத்தார். அவ்வாண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி மக்களுக்கு அறிவூட்டினார். குரு செல்ல இயலாத ஊர்களில் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு ஞானபாடம் கற்பித்தனர். தாம் பிடிபட்டாலும் இறந்தாலும் விசுவாசம் நிலைக்கவேண்டும் என்னும் முன்யோசனை அதில் இருந்தது. இன்று நம் பங்குகளில் பொதுநிலையினர் ஆற்றும் பணிக்கு அன்றே இட்ட வித்து அது.

1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தமது 59-ஆம் வயதில், அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். இலங்கையில் கால்வைத்து இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறந்த மண்ணை அவர் மறுபடியும் காணவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அவர் இறந்த நாளிலும் ஒல்லாந்தரின் தடைச்சட்டங்கள் நீங்கவில்லை. கண்டியிலுங்கூட அவருக்குப்பின் வந்த குருக்கள் ஒரு காலத்தில் வெளியேற்றப்பட்டனர். ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது 1796-இல். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீங்கியது 1806-இல். அதாவது அடிகளார் மறைந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின்னர். அவர் எதிர்பார்த்த விடிவை அவர் கண்கள் காணவில்லை. அவருடைய கல்லறை இருந்த இடம்கூட இன்று அறியப்படவில்லை. எனினும் அவர் இரவில் திருமுழுக்குக் கொடுத்த பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்தனர். அவர்கள் வழியாக வந்த ஆயிரமாயிரம் மக்கள், 1995-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறுபெற்றவர் பட்டம் அளித்தபோதும், 2015 சனவரி 14-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என அறிவித்தபோதும் கூடிநின்றனர். அம்மக்களே அவருடைய கல்லறைச் சின்னம்.

நம் குடும்பங்களிலும் பூட்டிய கதவுகள் உண்டு. தீராத நோய், அடையாத கடன், தூரதேசம் சென்ற பிள்ளை, வேலையற்ற வாலிபன், கணவனை இழந்த தாய் என்று இப்பங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிலுவை இருக்கின்றது. இவையெல்லாம் தீர்ந்தபின் செபிப்போம், தீர்ந்தபின் பிறருக்கு உதவுவோம் என்று நாளைத் தள்ளிப்போடுவோமானால் அந்த நாள் வராமலே போகலாம். மாலையில் வீட்டில் செபமாலை சொல்லுவதும், அயல்வீட்டு நோயாளிக்கு ஒரு வாய்க் கஞ்சி கொண்டுபோவதும் இன்றே செய்யக்கூடியவை. பெயர் தெரியாத அந்த ஏழைப் பெண் கொடுத்த கஞ்சியினால் ஒரு நாட்டின் திருச்சபை பிழைத்தது என்றால் அது மிகையாகாது.

நாம் விதைப்பதன் பலனை நாம் காணலாம், காணாமலும் போகலாம். இந்த யூபிலியைக் கொண்டாடும் நமக்கு, நம் முன்னோர் விதைத்ததன் பலனே இன்று கையில் இருக்கின்றது. அடுத்த யூபிலியைக் கொண்டாடப் போகும் நம் பிள்ளைகளுக்காக நாமும் விதைப்போமாக. புனித யோசேவாஸ் அடிகளார் நமக்காக மன்றாடுவாராக.