இதய ரத்தக் குழாய்க்குள் போகும் கண்ணாடி இழை: யார் இந்த சார்லஸ் ஃபாப்ரி?

ஆஞ்சியோகிராம் படத்தில் இதய ரத்தக் குழாயில் அடைப்பு தெரிகிறது. ஸ்டென்ட் வைக்கணுமா, மாத்திரையே போதுமா? நடுத்தர அடைப்பு என்றால் படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்வது கஷ்டம். அதனால் பல நேரங்களில் மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டி அனுப்பி, முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம் முன்பக்க அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால், ஸ்டென்ட் பலன் தர வாய்ப்புண்டு. அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மாத்திரையோடு விட்டுவிடலாம்.

அந்தக் கம்பியின் தடிமன் 0.36 மில்லிமீட்டர்தான். இதற்குள் எப்படி பிரஷர் மீட்டர் வைக்க முடியும்? சில கம்பிகளில் இருப்பது கண்ணாடி இழை, அதன் நுனியில் குட்டியாக ஒரு வெற்றிடம், அதை மூடிய மெல்லிய சவ்வு. ரத்தம் சவ்வை அழுத்தினால் உள்ளே இருக்கும் இடைவெளி நூலளவு கூட இல்லை, நானோமீட்டர் கணக்கில் குறையும். அந்த மாற்றத்தை இழை வழியே போய்த் திரும்பும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். இந்த அமைப்புக்குப் பொறியாளர்கள் சொல்லும் பெயர் ஃபாப்ரி-பெரோ. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு செமஸ்டர் தேர்வில் வந்த பெயர். ஆனால் இது இரண்டு மனிதர்களின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

சார்லஸ் ஃபாப்ரி 1867 ஜூன் 11 அன்று பிரான்ஸின் துறைமுக நகரமான மார்சேயில் பிறந்தார். அண்ணன்களில் ஒருவர் யூஜின், கணித அறிஞர். இன்னொருவர் லூயி, வானியலாளர். சார்லஸுக்கு இயற்பியல். பாரிஸில் எகோல் பாலிடெக்னிக்கில் படித்தார், 1892-ல் ஒளியின் குறுக்கீட்டு விளைவு பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். நடுவில் ஊர் ஊராகப் போய் பள்ளி ஆசிரியர் வேலை. 1894-ல் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்தது.

அங்கே இருந்தவர் ஆல்ஃப்ரட் பெரோ. ஃபாப்ரியைவிட நான்கு வயது மூத்தவர், கருவி செய்வதில் கைதேர்ந்தவர். இவர் செய்வார், அவர் கணக்குப் போடுவார். நல்ல ஜோடி.

இவர்களை இந்த வேலைக்கு இழுத்துவிட்டது ஒளி சம்பந்தமான கேள்வியே இல்லை. ஃபாப்ரியின் நண்பரான ஓர் இளம் இயற்பியலாளர், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மின்பொறி எப்படிப் பாய்கிறது என்று ஆராய நினைத்தார். பரப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரு மைக்ரான், சில சமயம் அதற்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனே பல பத்து மைக்ரான் வரும். இதை எப்படி அளப்பது என்று ஃபாப்ரியிடம் யோசனை கேட்டார்.

உலோகத்தின் வழியாகவே ஒளியை அனுப்பிப் பார்த்தால் என்ன என்று ஃபாப்ரிக்குத் தோன்றியது. கண்ணாடித் தகடு மேல் வெள்ளியை மிக மெல்லிசாகப் பூசினால், அது உலோகமாகவும் இருக்கும், கொஞ்சம் ஒளியையும் விடும். அப்படி இரண்டு தகடுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, வழக்கமாக மங்கலாகத் தெரியும் ஒளிப்பட்டைகள் இழை மாதிரி கூர்மையாகத் தெரிந்தன.

காரணத்தைப் புரிந்துகொள்ள சலூனை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவில் நீங்கள், முடிவே இல்லாமல் உங்கள் பிம்பங்கள். வெள்ளி பூசிய தகடுகளுக்கு நடுவிலும் ஒளி அப்படித்தான் பல தடவை போய்வருகிறது. இடைவெளி அந்த ஒளியின் அலைநீளத்தில் பாதியின் மடங்காகச் சரியாகப் பொருந்தினால் மட்டுமே எல்லா அலைகளும் கைகோத்து வெளியே வரும். துளி விலகினாலும் அடங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு துல்லியம்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. இடைவெளியை அளக்கப் பிறந்த கருவியை இருவரும் ஒளியை அளக்கத் திருப்பிவிட்டார்கள். இடைவெளி தெரிந்திருந்தால் அலைநீளத்தைச் சொல்லிவிடலாமே! 1907-ல் பெனுவா என்பவருடன் சேர்ந்து, ஒரு மீட்டருக்குள் காட்மியத்தின் சிவப்பு ஒளி அலைகள் எத்தனை அடங்கும் என்று கண்டார்கள். விடை 15,53,164-க்குச் சற்று மேல். மைக்கல்சன் முன்பே இதை அளந்திருந்தார், இவர்களுடையது இன்னும் துல்லியம். 1914-ல் இதே கருவியைத் தொலைநோக்கியில் பொருத்தி ஓரியன் நெபுலாவையும் ஃபாப்ரி ஆராய்ந்தார். அப்போது பெரோ உடன் இல்லை. பாரிஸுக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. 1925-ல் காலமானார்.

ஃபாப்ரி இது ஒன்றோடு நிற்கவில்லை. 1913-ல் ஹென்றி புயிசோனுடன் சேர்ந்து, சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுப்பது வளிமண்டல ஓசோன்தான் என்று அளந்து காட்டினார். தலைக்கு மேல் இருக்கும் ஓசோன் மொத்தத்தையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் என்று இன்று நமக்குத் தெரியும். ஓசோன் படலம் என்று நாம் பேசுவதற்கு அடித்தளம் போட்டவர் இவர். என்னைக் கேட்டால், இது ஒன்றுக்கே அவர் பெயர் பாடப் புத்தகத்தில் இன்னும் பெரிதாக வந்திருக்கணும்.

பிறகு பாரிஸில் ஒளியியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர், சோர்போனில் பேராசிரியர், 1927-ல் அறிவியல் அகாடமி உறுப்பினர். 1945 டிசம்பர் 11 அன்று இறந்தார். லேசர் வந்தது 1960-ல். தொலைதூரம் ஒளி கொண்டுபோகும் கண்ணாடி இழை 1970-ல். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

இழையின் நுனியில் இருக்கும் சென்சார் மறுபடியும் அந்த நண்பரின் கேள்விக்கே வந்துவிட்டது. ஒளி தெரியும், இடைவெளி எவ்வளவு? வழக்கமான இழையின் குறுக்களவு 125 மைக்ரான், அதற்குள்ளேயே இரண்டு கண்ணாடிகளும் அடங்கிவிடுகின்றன. நுனியில் மின்சாரம் இல்லாததால் எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தப்புலம் அளவீட்டைக் குழப்பாது. எண்ணெய்க் கிணற்றின் ஆழத்திலும் இதே தத்துவம் வேலை செய்கிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு: சூடு ஏறினாலும் இடைவெளி மாறும். அழுத்தமா, வெப்பமா என்று பிரித்துச் சொல்ல, பல சென்சார்களில் வெப்பத்தையும் தனியாக அளந்து கழிக்கிறார்கள்.