துயரிலும் துணை

வங்க உரைநடையின் வளர்ச்சிக்குத் துணைநின்றவர் வில்லியம் கேரி. செராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் அமைத்தவர்களுள் ஒருவர். அவர் எழுதிய அறைக்கு அடுத்த அறையில், கடும் நோயுற்ற அவருடைய மனைவி இருந்தார் என்பதைப் பலர் அறியார். அவ்விருவரையும் சேர்த்தே இப்பாடத்தில் காண்போம்.

கேரி 1761 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். காலணி தைக்கும் தொழிலைக் கற்றார். அத்தொழிலுக்கிடையே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். 1781 இல் டாரத்தி என்பாரை மணந்தார். டாரத்தி எழுத்தறியாதவர், திருமணப் பதிவேட்டில் பெயருக்கு மாறாகக் குறியீடு ஒன்றையே இட்டார்.

இந்தியாவில் கிறித்தவ சமயப் பணி செய்யக் கேரி விரும்பினார். டாரத்தியோ அப்போது கருவுற்றிருந்தார். ஊரை விட்டு வர மறுத்தார். கப்பல் புறப்படக் காலம் தாழ்ந்தமையால், குழந்தை பிறந்த பின்னர் மீண்டும் அவரை வற்புறுத்தினர். தம் தங்கையும் உடன்வந்தால் வருவதாக இசைந்தார். சில வாரக் கைக்குழந்தையுடன் 1793 சூன் திங்களில் கப்பலேறிய அக்குடும்பம், நவம்பரில் கல்கத்தாவை அடைந்தது.

ஊர் பெயர்ந்து வாழ்வதன் அருமை நமக்குத் தெரியும். ஸ்ரீவராகத்தில் குடியேறிய நம் தாய்மார்க்கு, கடைத்தெருவில் கேட்கும் மலையாளம் தமிழோடு உறவுடைய மொழி. அடுத்த தெருவிலேயே தமிழ் பேசுவோரும் உளர். டாரத்திக்கு அத்தகைய ஆறுதலும் இல்லை. வறுமையும் வயிற்றுக்கடுப்பும் அவரை வாட்டின. உடன்வந்த தங்கையும் மணம் புரிந்து பிரிந்தார். 1794 இல், ஐந்து வயது மகன் பீட்டர் முத்னாபட்டி என்னும் சிற்றூரில் நோயால் இறந்தான். முன்னரே இரு பெண்மக்களை இங்கிலாந்தில் இழந்திருந்த தாயின் உள்ளம் அத்துயரைத் தாங்கவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து டாரத்தியின் மனநோய் வெளிப்பட்டது. இல்லாதனவற்றை உண்மையென நம்பினார். கணவர்மீது காரணமின்றி ஐயுற்றார். பிறர் முன்னிலையில் கடிந்தார். சில வேளை அவருக்குத் தீங்கு செய்யவும் முற்பட்டார். அவர் சொற்கள் அவருடைய நோயின் சொற்கள் என்பதைக் கேரி உணர்ந்தார். அந்நோய்க்கு ஏற்ற மருந்து அக்காலத்தில் இல்லை. அடைத்து வைத்துக் காப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. அவர் நிலை முற்றிய காலங்களில் கேரியின் வீட்டிலும் அவரைத் தனியறையில் வைத்துக் காக்க நேர்ந்தது. ஆயினும் கேரி அவரை வேற்றிடத்துக்கு அனுப்பாமல், தம் இல்லத்திலேயே இறுதிவரை வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஊன்றுகோலாய் இருந்தது அவருடைய இறைநம்பிக்கை. அந்நம்பிக்கை துயரைத் துடைத்துவிடவில்லை. தனிமையையும் மனச்சோர்வையும் தம் நாட்குறிப்பில் மறைக்காது எழுதினார். எனினும் நாள்தோறும் தோட்டத்தில் தனித்திருந்து இறைவனை வேண்டினார். பின்பு எழுதுமேசைக்குத் திரும்பினார். 1800 இல் குடும்பம் செராம்பூருக்குப் பெயர்ந்தது. அங்கு உடன்பணியாற்றிய யோசுவா மார்ஷ்மனின் துணைவியார் ஹன்னா, கேரியின் பிள்ளைகளைப் பேணினார். அடுத்த அறையில் மனைவியின் கூக்குரல் எழும்போதும் கேரியின் மொழிபெயர்ப்புப் பணி நடந்தது. 1801 இல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு அச்சேறியது.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற டாரத்தி, 1807 திசம்பர் 8 ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு கேரி மணந்த சார்லட் அம்மையாரும் உடல்நலம் குன்றியவர், நடக்கவும் இடர்ப்பட்டவர். பதின்மூன்று ஆண்டு இல்லறத்துக்குப் பின் 1821 இல் அவரும் மறைந்தார். கேரி 1834 இல் இயற்கை எய்தினார்.

கேரியின் பொறுமையைப் போற்றுவோர் டாரத்தியின் இழப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் விரும்பிப் புறப்பட்டதன்று அப்பயணம். அதன் சுமையில் பெரும்பங்கு அவர்மேலேயே விழுந்தது. கேரியின் நம்பிக்கை அவர் மனைவியின் நோயைத் தீர்க்கவில்லை. நோயுற்றவரைக் கைவிடாதிருக்கும் உறுதியை அவருக்குத் தந்தது. இன்று மனநோய்க்கு மருத்துவம் உண்டு. உடல்நோயைப் போலவே அதுவும் நோயே, இகழ்ச்சிக்குரியதன்று. மருத்துவத்தோடு, அருகிருந்து பேணும் ஒருவரும் நோயாளிக்கு வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. டாரத்தியின் மனத்துயருக்குக் காரணமானவை யாவை?
2. கேரியின் இறைநம்பிக்கை அவருக்கு எவ்வகையில் துணைநின்றது?
3. உம் குடும்பம் ஊர் பெயர்ந்து வந்தபோது மிகுதியாக இடர்ப்பட்டவர் யார்? அவரிடமே கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.